சிங்கப்பூர் போறீங்களா? ஒரு சிகரெட்டுக்கும் வரி கட்டணும்! பெட்டி கட்டும் முன் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயங்கள்

திருச்சி,

திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களில் சிங்கப்பூருக்கு ஆள் போகாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நிலத்தை விற்று, நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டு விமானம் ஏறுகிறவர்கள் ஏராளம். வேலைக்குப் போன மகனைப் பார்க்க, பேரப்பிள்ளையைக் கொஞ்ச என்று கிளம்பும் அப்பா, அம்மாக்களும் அதிகம்.

இவ்வளவு பாடுபட்டுப் போகிறவர்கள் சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் சின்னச் சின்ன விஷயத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். சட்டைப் பையில் ஒரு சிகரெட் பாக்கெட், மசாலா டப்பாவில் கசகசா, தெரிந்தவர் கொடுத்த ஒரு பொட்டலம். இங்கே சாதாரணமாகத் தெரியும் பொருள் அங்கே குற்றமாகிவிடுகிறது. "எனக்குத் தெரியாதுங்க" என்று கையைப் பிசைந்தாலும் சட்டம் ஏற்றுக்கொள்ளாது. அபராதத்தோடு போனால் பரவாயில்லை. வேலை அனுமதியே ரத்தாகி அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பிவிட்டால், வாங்கிய கடனை யார் அடைப்பது?

எதைக் கொண்டு போகலாம், எதற்கு வரி, எவ்வளவு பணம் வைத்துக்கொள்ளலாம்? விவரம் வருமாறு:

பச்சை வழி, சிவப்பு வழி

சாங்கியில் குடியுரிமைச் சோதனை முடிந்து பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வரும் இடத்தில் இரண்டு வழிகள் இருக்கும். ஒன்று பச்சை, மற்றது சிவப்பு.

பச்சை வழியில் நடந்தாலே, "வரி கட்ட வேண்டிய பொருளோ, தடை செய்யப்பட்ட பொருளோ என்னிடம் இல்லை" என்று வாயால் சொன்னதற்குச் சமம். அதற்குப் பிறகு அதிகாரி கூப்பிட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்து, உள்ளே ஏதாவது இருந்தால் அது மறைத்த குற்றம்.

சிவப்பு வழியில் போய், "இது இருக்கு, வரி எவ்வளவு?" என்று கேட்டால் கணக்குப் போட்டு வாங்கிக்கொண்டு விட்டுவிடுவார்கள். வரி கட்ட வேண்டிய பொருளை எடுத்துச் செல்வது குற்றம் அல்ல. சொல்லாமல் மறைப்பதுதான் குற்றம். சந்தேகம் இருந்தால் சிவப்பு வழியில் போய்க் கேட்டுவிடுவதே நல்லது. கேட்டதற்காக யாரும் அபராதம் போடுவதில்லை.

மறைத்தால் என்ன ஆகும்? ஏய்த்த வரியைப் போல 20 மடங்கு வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க அந்த நாட்டுச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

செல்போனில் பழக்கம் உள்ளவர்கள், சிங்கப்பூர் சுங்கத்துறையின் இணையச் சேவை மூலம் விமானம் ஏறும் முன்பே பொருளைப் பதிவு செய்து வரியையும் கட்டிவிடலாம்.

சிகரெட்: சலுகையே கிடையாது

நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். பல நாடுகளில் ஒரு கார்ட்டன் சிகரெட் வரை வரி இல்லாமல் விடுவார்கள். சிங்கப்பூரில் அந்தப் பேச்சுக்கே இடம் இல்லை. ஒரே ஒரு சிகரெட் இருந்தாலும் வரி உண்டு. பிரித்து இரண்டு பிடித்த பாக்கெட்டுக்கும் வரி உண்டு. பீடிக்கும் அதே கதிதான்.

"இங்கே டியூட்டி ஃப்ரீ கடையில்தானே வாங்கினேன், அப்புறம் என்ன வரி?" என்று பலர் கேட்கிறார்கள். டியூட்டி ஃப்ரீ என்றால் கிளம்பும் நாட்டில் வரி இல்லை என்றுதான் பொருள். போய் இறங்கும் நாட்டில் வரி கேட்பார்கள். கடைக்காரர் சீல் வைத்த பையில் போட்டுக் கொடுத்தாலும் சாங்கியில் அது செல்லாது.

அங்கே வேலை செய்யும் நண்பர்கள், "வரும்போது நாலு பாக்கெட் வாங்கிட்டு வாடா மச்சான்" என்று போனில் சொல்வது வழக்கம். வரி கட்டாத சிகரெட்டை வாங்கியவர், வைத்திருப்பவர், விற்பவர் எல்லோர் மீதும் அங்கே வழக்கு வரும். சிங்கப்பூரில் முறையாக விற்கும் சிகரெட்டில் தனி அடையாளக் குறி அச்சிட்டிருக்கும். அது இல்லாத சிகரெட் எளிதாகச் சிக்கிவிடும்.

ஹான்ஸ், குட்கா, வேப்: தொடவே கூடாது

சிகரெட்டையாவது வரி கட்டிக் கொண்டு போகலாம். மென்று துப்பும் புகையிலைக்கு அதுவும் முடியாது. ஹான்ஸ், கைனி, குட்கா, ஜர்தா எல்லாமே முழுத் தடை. வாயில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் உள்ள கட்டுமானத் தொழிலாளர்கள் பத்து பாக்கெட்டைத் துணிக்குள் சுருட்டி எடுத்துப் போவது உண்டு. பிடிபட்டால் பொருள் பறிமுதல் ஆவதோடு வழக்கும் வரும்.

வேப் எனப்படும் மின் சிகரெட்டும் அப்படித்தான். 2018 முதல் அதை வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் அங்கே குற்றம். போதை மருந்து கலந்த வேப் பரவியதால் 2025 செப்டம்பர் 1 முதல் தண்டனையை இன்னும் கடுமையாக்கிவிட்டார்கள். வெளிநாட்டுக்காரர் மறுபடி மறுபடி பிடிபட்டால் வேலை அனுமதி ரத்து, நாடு கடத்தல், மீண்டும் உள்ளே வரத் தடை வரை போகும்.

சூயிங்கம் கதை ஊருக்கே தெரிந்தது. 1992-ல் போட்ட தடை. 2004-க்குப் பிறகு மருத்துவக் காரணத்துக்கான சில வகைகளை மட்டும் அங்குள்ள மருந்தாளர், பல் டாக்டர் மூலம் வாங்க விட்டிருக்கிறார்கள். நாம் பையில் போட்டுக்கொண்டு போகக்கூடாது.

பட்டாசு, துப்பாக்கி வடிவ சிகரெட் லைட்டர், திருட்டு சி.டி., ஆபாசப் படம், புத்தகம் ஆகியவையும் தடைப் பட்டியலில் இருக்கின்றன.

மதுவுக்கு 2 லிட்டர் கணக்கு

மதுவுக்கு மட்டும் சலுகை இருக்கிறது. ஆனால் நிபந்தனைகளும் இருக்கின்றன.

18 வயது முடிந்திருக்க வேண்டும். சிங்கப்பூருக்கு வெளியே 48 மணி நேரமாவது இருந்திருக்க வேண்டும். மலேசியாவில் இருந்து வருபவருக்குச் சலுகை இல்லை. சொந்த உபயோகத்துக்கு மட்டுமே கொண்டு வரலாம்.

மொத்தம் 2 லிட்டர். அதைக் கீழ்க்கண்டபடி பிரித்துக்கொள்ளலாம்:

* பிராந்தி, விஸ்கி போன்ற காட்டமான சரக்கு 1 லிட்டர், ஒயின் 1 லிட்டர்
* பிராந்தி, விஸ்கி வகை 1 லிட்டர், பீர் 1 லிட்டர்
* ஒயின் 1 லிட்டர், பீர் 1 லிட்டர்
* ஒயின் மட்டும் 2 லிட்டர்
* பீர் மட்டும் 2 லிட்டர்

பிராந்தி, விஸ்கி மட்டும் 2 லிட்டர் என்ற கணக்கு இதில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டாவது லிட்டருக்கு வரி கட்டியாக வேண்டும். முன்பு இருந்த 3 லிட்டர் சலுகை 2019 ஏப்ரல் முதல் 2 லிட்டராகக் குறைந்துவிட்டது. பழைய ஆட்கள் சொல்வதைக் கேட்டு ஒரு பாட்டில் அதிகமாக எடுத்துப் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம். சாங்கியில் இறங்கிய பிறகு அங்குள்ள கடையில் வாங்கினாலும் இதே கணக்குதான்.

புதுப் பொருளுக்கு 9 சதவீத வரி

சிங்கப்பூரில் ஜி.எஸ்.டி. 2024 ஜனவரி 1 முதல் 9 சதவீதம். வெளியில் இருந்து கொண்டு வரும் புதுப் பொருள், பரிசுப் பொருள், உணவுப் பொருள் எல்லாவற்றுக்கும் இது உண்டு. போட்டுப் பழகிய துணி, கையில் கட்டிய கடிகாரம், பயன்படுத்திய செல்போன் போன்ற சொந்தச் சாமான்களுக்குக் கிடையாது.

சுற்றிப் பார்க்க வருபவருக்கு ஒரு சலுகை இருக்கிறது. சிங்கப்பூருக்கு வெளியே 48 மணி நேரம் அல்லது அதற்கு மேல் இருந்துவிட்டு வந்தால் 500 சிங்கப்பூர் டாலர் மதிப்பு வரை வரி இல்லை. 48 மணி நேரத்துக்குக் குறைவு என்றால் 100 டாலர் வரைதான்.

ஆனால் வொர்க் பெர்மிட், எம்ப்ளாய்மெண்ட் பாஸ், மாணவர் பாஸ், குடும்பத்தினருக்கான டிபெண்டண்ட் பாஸ், நீண்டகால பாஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. விமானச் சிப்பந்திகளுக்கும் இல்லை. வேலைக்குப் போகிற நம்ம ஊர்த் தம்பிகள் கவனிக்க வேண்டிய இடம் இது.

ஒரு உதாரணம் பார்ப்போம். பேத்திக்கு மொட்டை அடித்துக் காது குத்துகிறார்கள். ஊரில் இருந்து 900 சிங்கப்பூர் டாலர் மதிப்புள்ள புதுச் சங்கிலி போகிறது.

அதைச் சுற்றுலா விசாவில் போகும் தாத்தா கொண்டு போனால், 500 டாலர் கழிந்துவிடும். மீதி 400 டாலருக்கு 9 சதவீதம், அதாவது 36 டாலர் கட்டினால் போதும்.

அதே சங்கிலியை லீவு முடிந்து திரும்பும் தாய்மாமன் வொர்க் பெர்மிட்டில் கொண்டு போனால், முழு 900 டாலருக்கும் சேர்த்து 81 டாலர் கட்ட வேண்டும். பொருள் ஒன்றுதான், போகிற ஆளைப் பொறுத்து வரி மாறுகிறது.

பில் கையில் இருப்பது முக்கியம். அதைப் பார்த்துத்தான் மதிப்புப் போடுவார்கள்.

நகை விஷயத்தில் இன்னொரு யோசனை. கழுத்து நிறைய நகை போட்டுக்கொண்டு போகும் பெண்கள், கிளம்பும்போதே நம்ம ஊர் விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் காட்டி, "இது இங்கிருந்து கொண்டு போகும் நகை" என்று சான்று வாங்கிக்கொள்ளலாம். திரும்பி வரும்போது, "இது அங்கே வாங்கினதா?" என்ற கேள்விக்கு அந்தச் சான்றே பதில் சொல்லும்.

பணம் எவ்வளவு கொண்டு போகலாம்?

இதில் இரண்டு நாட்டுச் சட்டத்தையும் பார்க்க வேண்டும்.

முதலில் நம்ம நாட்டுப் பக்கம். இந்திய ரூபாய் நோட்டாக ஒருவர் 25 ஆயிரம் ரூபாய் வரைதான் எடுத்துச் செல்லலாம். சிங்கப்பூர் போன்ற நாடுகளுக்குப் போகிறவர் வெளிநாட்டு நோட்டாக வாங்கிப் போகும் பணம், ஒரு பயணத்துக்கு 3 ஆயிரம் அமெரிக்க டாலர் மதிப்புக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் தேவை என்றால் வங்கி கொடுக்கும் பயண அட்டையில் ஏற்றிக்கொள்ளலாம். பணம் மாற்றும் இடத்தில் 50 ஆயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்க முடியாது. வங்கிக் கணக்கு வழியாகத்தான் செலுத்த வேண்டும். லைசென்ஸ் உள்ள இடத்தில் மாற்றி ரசீதையும் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்வது நல்லது. அதிகாரி கேட்டால் காட்ட வேண்டியது அந்த ரசீதைத்தான்.

அடுத்து சிங்கப்பூர் பக்கம். அங்கே இவ்வளவுதான் கொண்டு வரலாம் என்ற உச்சவரம்பு இல்லை. ஆனால் 20 ஆயிரம் சிங்கப்பூர் டாலருக்கு மேல் இருந்தால் கட்டாயம் அறிவிக்க வேண்டும். நம்ம பணத்தில் இது 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகை. எல்லா நாட்டு நோட்டையும், பயணிகள் காசோலை, பேர் எழுதாத செக் போன்றவற்றையும் கூட்டித்தான் கணக்கு. சொந்தப் பணமா, அடுத்தவர் பணமா என்பது பிரச்சினையே இல்லை. யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அறிவிக்க வேண்டும்.

2024 மே 13 முதல் இந்த அறிவிப்பை இணையம் வழியாகத்தான் செய்ய வேண்டும். காகிதப் படிவம் கிடையாது. அறிவிக்காமல் மறைத்தால் 50 ஆயிரம் டாலர் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். சிங்கப்பூரை விட்டு வெளியே வரும்போதும் இதே விதிதான்.

சம்பாதித்த பணத்தோடு ஊர் திரும்பும்போது வெளிநாட்டு நோட்டு 5 ஆயிரம் அமெரிக்க டாலர் மதிப்பைத் தாண்டினால் நம்ம விமான நிலையத்தில் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். நோட்டு, பயணிகள் காசோலை எல்லாம் சேர்த்து 10 ஆயிரம் டாலரைத் தாண்டினாலும் அப்படியே.

'குருவி' ஆகாதீங்க!

"தம்பி, இந்தக் கவரை மட்டும் அங்க ஒருத்தர்கிட்ட குடுத்துடு. டிக்கெட் செலவை நான் பாத்துக்கிறேன்." இப்படி யாராவது சொன்னால் அங்கேயே உஷாராகிவிட வேண்டும். பணமும் தங்கமும் கடத்துகிறவர்கள் ஆள் பிடிப்பது இப்படித்தான். அவர்கள் வலையில் விழுந்து 'குருவி' ஆனவர்கள் திருச்சி விமான நிலையத்தில் பிடிபடுவது பல முறை செய்தியில் வந்திருக்கிறது. கொடுத்து அனுப்பியவர் வீட்டில் இருப்பார். கைதாவது பையைச் சுமந்தவர்.

பணமோ தங்கமோ ஆனால் அபராதம், சிறையோடு போகலாம். பொட்டலத்துக்குள் போதைப்பொருள் இருந்தால்? சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின், 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் தூக்குத் தண்டனை வரை போகும். பை யார் கையில் இருக்கிறதோ, உள்ளே இருப்பது அவருக்குத் தெரியும் என்றுதான் அங்கே சட்டம் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பு பிடிபட்டவர் தலையில்தான் விழும்.

சொந்தக்காரர், ஒரே ஊர்க்காரர், கூடப் படித்தவர் யாராக இருந்தாலும் சரி. பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும். பிரிக்கக் கூடாது என்று சொன்னால், "மன்னிச்சுக்குங்க மாமா, எடுத்துட்டுப் போக முடியாது" என்று சொல்லிவிட வேண்டியதுதான். அவர் நாலு நாள் கோபித்துக்கொள்வார். அதோடு போகட்டும்.

கசகசாவும் கறித்தொக்கும்

அம்மா கட்டிக் கொடுக்கும் சாப்பாட்டுப் பையில் முதலில் பார்க்க வேண்டியது கசகசா. குருமாவுக்கு அரைக்கும் இதே கசகசா, அபின் செடியின் விதை. அதில் மார்பின் என்ற போதைச் சத்து சிறிதளவு இருக்கலாம் என்பதால் அனுமதி வாங்காமல் சிங்கப்பூருக்குள் கொண்டு போகக்கூடாது. கசகசா சேர்த்து அரைத்த மசாலாப் பொடி இருந்தால் அதையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

இறைச்சி, முட்டையை அங்கே அங்கீகாரம் பெற்ற நாடுகளில் இருந்து மட்டுமே விடுவார்கள். வீட்டில் செய்த கோழி வறுவல், ஆட்டுக்கறித் தொக்கை ஆசையாகக் கட்டிக்கொண்டு போய், சாங்கியில் குப்பையில் கொட்டிவிட்டுப் போவதில் யாருக்கும் லாபம் இல்லை. முறுக்கு, அதிரசம், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், மாங்காய் ஊறுகாய் எல்லாம் சொந்த உபயோகத்துக்கு அளவோடு கொண்டு போகலாம். காய்கறி, பழமும் கொஞ்சமாக எடுத்துச் செல்லத் தடை இல்லை.

மருந்து, மாத்திரை

சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் மாத்திரைகளை 3 மாதத் தேவைக்குள் எடுத்துச் செல்லலாம். டாக்டர் சீட்டு கூடவே இருக்க வேண்டும். மாத்திரைகளைப் பிரித்து வெறும் டப்பாவில் கொட்டாமல், மருந்துப் பெயர் தெரியும் அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

தூக்க மாத்திரை, சில வகைக் கடும் வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து ஆகியவற்றுக்கு அந்த நாட்டு சுகாதாரத் துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், நரம்பு வலி, மன அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் தங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.

வருகை அட்டைக்குக் காசு வேண்டாம்

சிங்கப்பூர் போகிறவர் இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இது முழுக்க இலவசம். அந்நாட்டுக் குடியுரிமைத் துறையின் இணையதளத்தில் நாமே நிரப்பலாம். இதற்கென்று ஆயிரம், இரண்டாயிரம் என்று யாராவது கேட்டால் கொடுக்க வேண்டாம். படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். ஆனால் இது விசா அல்ல. விசா தனியாக வாங்க வேண்டும்.

வளைகுடா போகிறவர்களுக்கும்

துபாய், அபுதாபி உள்ள ஐக்கிய அரபு அமீரகத்தில் 60 ஆயிரம் திர்ஹாமுக்கு மேல் பணம் இருந்தால் அறிவிக்க வேண்டும். சவுதியிலும் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய பணத்தை அறிவிக்க வேண்டும். மலேசியாவில் 10 ஆயிரம் அமெரிக்க டாலர் மதிப்பைத் தாண்டினால் சொல்ல வேண்டும். அமீரகத்திலும் சவுதியிலும் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். குவைத், சவுதிக்குப் போகிறவர்கள் பெட்டியில் மது பாட்டில் வைக்கவே கூடாது.

கிளம்பும் முன்...

விதிகள் அவ்வப்போது மாறும். போன வருஷம் போய்விட்டு வந்தவர் சொன்னார் என்று நம்பிப் போகாமல், கிளம்பும் வாரத்தில் சிங்கப்பூர் சுங்கத்துறை இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

முதல் நாள் இரவு பெட்டியை வேறு யார் கட்டியிருந்தாலும், போகிறவர் ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு, தன் கையால் திரும்ப அடுக்கிப் பூட்டிக்கொள்ள வேண்டும். பேண்ட் பாக்கெட், சட்டைப் பை, தோள் பையின் சின்ன ஜிப் வரை தடவிப் பார்க்க வேண்டும். நண்பன் மறந்து வைத்த சிகரெட் பாக்கெட் அங்கேதான் இருக்கும்.